எழுபதாவது வளைவில் ஒரு கோல்

நான் ஒரு நாட்டின் கால்பந்துச் சங்கத் தலைவன். அந்த நாடு உலகத்தில் எங்கேயும் இல்லை என்பது ஒன்றுதான் குறை.

நாட்டின் பெயர் தோரணியா. பத்தாம் வகுப்பில் என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பிறந்தது. வளர்ந்ததும் எல்லோரும் இந்த மாதிரிக் கிறுக்கை விட்டுவிடுவார்கள். நான் விடவில்லை. என்னைப் போலவே விடாத பதினோரு பேர் வாட்ஸ்அப் குழுவில் கிடைத்தார்கள். ஆளுக்கொரு கற்பனை நாடு, நாட்டுக்கொரு லீக். விதிகள் கடுமையானவை. முடிவை நாமே இஷ்டத்துக்கு எழுதக் கூடாது. தாயக்கட்டையோ சீட்டோ, நம் கையில் இல்லாத ஒன்றுதான் தீர்மானிக்க வேண்டும். மூன்று முறை முடிவு அனுப்பத் தாமதமானால் நாட்டைப் பிடுங்கி, காத்திருக்கும் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நான் ஏற்கெனவே இரண்டு முறை தாமதம். (இரண்டாவது முறை எனக்குக் கல்யாணம். அது ஒரு காரணமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.)

அந்த வருடத்துக் கடைசி ஆட்டத்தின் முடிவை ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். துறைமுகம் யுனைடெட்டும் பனிமேடு ரேஞ்சர்ஸும் மோதின. டிரா ஆனாலே துறைமுகத்துக்குக் கோப்பை. ரேஞ்சர்ஸ் ஜெயித்தே ஆக வேண்டும். ரேஞ்சர்ஸ் என் செல்லம். ஆறு வருடமாக ஒரு கோப்பைகூட வாங்காத, உருப்படாத செல்லம்.

அதே ஞாயிற்றுக்கிழமை புது மாப்பிள்ளையைக் கொல்லிமலைக் கோயிலுக்குக் கூட்டிப்போவதென்று மாமனார் முடிவு செய்திருந்தார். அவர் பேளுக்குறிச்சியில் குச்சிக்கிழங்கு போடுகிற விவசாயி. அதிகம் பேச மாட்டார். முட்டி வலியைக்கூட வாய் திறந்து சொல்ல மாட்டார், அவர் நடப்பதைப் பார்த்து நாமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணமாகி மூன்று வாரத்தில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது மொத்தம் பத்து வாக்கியம் இருந்தால் அதிகம்.

காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறினோம். மாமனார் முன் சீட்டில். நானும் மனைவி சங்கீதாவும் பின்னால். அவள் கண்ணயர்ந்ததும் பையிலிருந்து தாயக்கட்டையை எடுத்து, அர்ச்சனைத் தட்டில் வைத்து உருட்டப் போனேன். மலை ஏற மொத்தம் எழுபது கொண்டை ஊசி வளைவுகள்; பஸ் ஐம்பத்தெட்டாவது வளைவில் ஒடித்துத் திரும்பியது. இரண்டு கட்டையும் ஜன்னல் வழியாகப் பள்ளத்துக்குப் போய்விட்டன.

வேறு யாராக இருந்தாலும் கையை விரித்திருப்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்து, குழுவுக்கும் அனுப்பினேன். அறுபத்தொன்றிலிருந்து எழுபது வரை, வளைவில் எதிரே இறங்கி வரும் ஒவ்வொரு வண்டியும் ஒரு கோல். ஒற்றைப்படை வளைவு துறைமுகத்துக்கு, இரட்டைப்படை ரேஞ்சர்ஸுக்கு. எழுபதைப் பஸ் தாண்டினால் ஆட்டம் முடிந்தது.

அறுபத்தொன்றில் ஒரு லாரி. துறைமுகம் ஒன்று. அறுபத்திரண்டில் ஒரு பைக் வந்தது.

"கோல்!" என்று கத்திவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

சங்கீதா பதறி எழுந்தாள். "ஏனுங்க, என்னாச்சுங்க?"

வேறு வழியில்லாமல் முழுக் கதையையும் சொன்னேன்.  அவள் முன் சீட்டைத் தட்டி, "அப்பா, இவரு ஏதோ நாட்டுக்குத் தலைவராமா" என்றாள்.

மாமனார் மெதுவாகத் திரும்பினார். "எந்த நாடுங்க மாப்ளெ?"

"இல்லாத நாடுங்க மாமா."

யோசித்தார். "அதுல நம்ம பக்கம் யாருங்க?"

"ரேஞ்சர்ஸுங்க."

"சரீங்க" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

பக்கத்தில் நின்ற கண்டக்டர், "அப்ப நானு துறைமுகமுங்க" என்றார். பாதி பஸ் அவரோடு சேர்ந்துகொண்டது. மீதிப் பாதி எங்களோடு. அறுபத்தொன்பதைத் தாண்டும்போது இரண்டுக்கு இரண்டு. பாக்கி எழுபது மட்டும்தான், அது ரேஞ்சர்ஸின் வளைவு. ஒரே ஒரு வண்டி போதும். அந்த வளைவுக்குக் கீழே டிரைவர், இன்ஜின் சூடாகிவிட்டது என்று பஸ்ஸை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினார். பதினொன்றே முக்கால். மேலிருந்து ஓர் ஈ காக்கைகூட இறங்கவில்லை.

"காலு மரத்துப்போச்சு" என்று சொல்லி மாமனார் இறங்கினார். அவர் திரும்பி ஏறாததை, மேலே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

பஸ் கிளம்பி எழுபதில் திரும்பியபோது மேலேயிருந்து ஒரு மொபெட் வந்தது. ஓட்டியவர் வளைவுக்கு மேலிருந்த டீக்கடைக்காரர். பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கையை உயரத் தூக்கியபடி என் மாமனார்.

"கோலுங்க மாப்ளெ! கோலு!"

பஸ் அதிர்ந்தது. கண்டக்டர் விசிலை ஊதி வண்டியை நிறுத்தினார். "ஆள வெச்சு ஓட்டியாந்தா செல்லாதுங்க! தலைவரே, நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமனார் மூச்சிரைக்க ஏறி வந்தார். அந்த முட்டியோடு டீக்கடை வரைக்கும் ஏற்றத்தில் ஓடியிருக்கிறார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். மூன்றுக்கு இரண்டு என்று அனுப்பியிருந்தால் அந்தப் பதினோரு பேரில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆறு வருடக் கனவு, விரல் நுனியில்.

"செல்லாதுங்க" என்றேன்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். நேர்மை தலைக்கேறிவிட்டது. "ஆட்டத்துல கை வெச்சா ஆயுள் தடைன்னு விதி இருக்குதுங்க மாமா. உங்களுக்குத் தோரணியாவுல ஆயுள் தடைங்க."

கண்டக்டர் விசிலைப் பைக்குள் போட்டார்.

"எத்தன நாளைக்குங்க?" என்று மாமனார் கேட்டார்.

"ஆயுசுக்குங்க."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டுக்கு இரண்டு என்று அனுப்பினேன். நாடு பிழைத்தது. சங்கீதா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. கோயிலிலும் தள்ளியே நின்று சாமி கும்பிட்டாள்.

நான்கு வருடமாகிறது. மாமனார் வீட்டில் அவருக்குப் பிடிக்காத எந்த வேலையைச் சொன்னாலும், "எனக்குத்தான் தடை இருக்குதே" என்று கட்டிலில் சாய்ந்துவிடுகிறார். போன தீபாவளிக்கு என் மகள் பந்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம் விளையாடக் கூப்பிட்டாள். "அப்புச்சிக்குத் தடை சாமி, உங்கப்பன் போட்டது" என்றார். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை.

ரேஞ்சர்ஸ் இன்னும் கோப்பை வாங்கவில்லை. அந்த அணிக்கு இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களைப் பெயர் வைத்து உருவாக்கியிருக்கிறேன். உண்மையிலேயே கால் வலிக்க ஓடியவர் ஒருவர்தான். அவரைத்தான் தடை செய்து வைத்திருக்கிறேன்.