இட்லிக் குண்டானில் சாயம் காய்ச்சியவன்

ஒரு வீடியோவைப் பாதி பார்த்துவிட்டு, அந்த வேலை தனக்கு அத்துப்படி என்று நம்புகிறவனைவிட ஆபத்தான பிராணி உலகத்தில் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு நான் அந்தப் பிராணியாகத்தான் இருந்தேன். கடலூரில் ஒரு கம்பெனியில் கௌரவமான உத்தியோகம். பொழுதுபோக்கு, ரிமோட் கார். (அது குழந்தைகள் விளையாடுவதாயிற்றே என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம் அரை மணி நேரம் விளக்கம் சொல்லியே நண்பர்களைக் குறைத்துக்கொண்டவன் நான்.) ஞாயிற்றுக்கிழமைகளில் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் ஓட்டுவேன். நாய்கள் மட்டும் ரசிக்கும்.

காரின் சக்கரங்கள் வெள்ளை நைலான். இந்தத் துரைக்கு வெள்ளை பிடிக்கவில்லை, ஊதா வேண்டுமாம். பெயின்ட் அடித்தால் மணலில் உரிந்துவிடும். துணிச் சாயத்தை வெந்நீரில் கரைத்து ஊறவைத்தால் நைலான் உள்ளே வாங்கிக்கொள்ளும் என்றார் வீடியோக்காரர். சமையல் பாத்திரத்தைத் தொடாதே, பழைய பாத்திரம் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கு, கையுறை போடு, அடுப்பைச் சுற்றிப் பேப்பர் விரி என்றும் சொன்னார். அதெல்லாம் முட்டாள்களுக்கான அறிவுரை என்று தள்ளிவிட்டுப் பார்த்தேன்.

சக்கரங்கள் முங்கும் ஆழத்தில் வீட்டில் இருந்தது அம்மாவின் இட்லிக் குண்டான் மட்டும்தான். அதற்கும் ஒரு தத்துவம் வைத்திருந்தேன். தண்ணீர் அடியில், இட்லி மேலே தட்டில். இரண்டும் எங்கே சந்திக்கப்போகிறது?

நாள் பார்த்த லட்சணத்தையும் கேளுங்கள். மறுநாள் காலை சிதம்பரத்திலிருந்து நித்யா வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறார்கள். பெண் பார்த்து, பிடித்து, தினமும் போனில் பேசும் அளவுக்கு நானும் நித்யாவும் வந்துவிட்டோம். ஆனால் பெண் வீட்டார் வந்து, வீட்டைப் பார்த்து, கை நனைத்துவிட்டுப் போனால்தான் சம்பந்தம் உறுதி. பிடிக்கவில்லை என்றால் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இப்படி ஒரு நாளுக்கு முன்தினம் மற்றவன் முடி வெட்டிக்கொள்வான். நான், அம்மா கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து, சாயம் காய்ச்சினேன்.

சக்கரங்கள் பிரமாதமான ஊதா ஆயின. என் கைகளும் ஆயின. குண்டானைத் தேய்த்தேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு; குண்டானின் அடியில் வெள்ளையாகக் காரை படிந்திருக்கும். அதில் மட்டும் ஊதா லேசாகத் தங்கிவிட்டது. யாருக்குத் தெரியப்போகிறது என்று கவிழ்த்து வைத்தேன்.

காலையில் நித்யாவின் அம்மாவும் தாய்மாமாவும் வந்தார்கள். நித்யாவுக்கு அப்பா இல்லை. மாமா சொல்வதுதான் முடிவு. மனிதர் ரிட்டயர்டு சர்வேயர். உள்ளே வந்ததும் சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், வீட்டை ஜப்தி செய்ய வந்தவர் மாதிரி மாடிப்படியை அளந்தார். நான் கும்பிட்டேன்.

"என்னா மாப்ள, கை பூரா எலக்‌ஷன் மையா?"

"பிரிண்டர் இங்க் மாமா" என்றேன்.

சமையலறையில் அம்மா, விருந்தாளி என்பதால் இட்லிக் குண்டானில் தண்ணீர் ஜாஸ்தியாக ஊற்றி, பாத்திரம் கறுக்காமலிருக்க வழக்கம்போலப் புளித்துண்டும் போட்டிருந்தாள். புளி காரையைக் கரைத்தது. காரை, நேற்றுக் குடித்த சாயத்தைக் கக்கியது. தண்ணீர் தளதளவென்று கொதித்து அடித்தட்டின் ஓட்டை வழியே இட்லியைத் தொட்டது. இந்த விஞ்ஞானமெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

மாமா இலையில் உட்கார்ந்தார். வீடு பிடித்துவிட்டது! நான் உள்ளுக்குள் துள்ளினேன். அவர் முதல் இட்லியைப் பிட்டார். மேலே மல்லிகைப்பூ, அடியில் பளீர் ஊதா.

"என்னாங்க இது, அடியில மட்டும் கலரா இருக்கு?"

அம்மா வாயைத் திறக்குமுன் நான் திறந்தேன். "கருப்பு கவுனி மாமா. கீழ ஒரு லேயர். சுகருக்கு ரொம்ப நல்லது." (எங்கள் வீட்டுக்குள் கருப்பு கவுனி அரிசி ஒரு மணிகூட வந்ததில்லை.)

"அப்படியா? எனக்கு சுகர் ஜாஸ்திதான். இன்னும் ரெண்டு வைங்க தங்கச்சி."

நித்யாவின் அம்மா நல்லவேளையாக விரதம், காபியோடு நிறுத்திக்கொண்டார். மாமாவோ இரண்டு முடித்து மூன்றுக்கு வந்தார். கை நனைத்தாயிற்று, இனி நித்யா எனக்குத்தான் என்று தோன்றியது. பிறகு, ஐயோ, மனிதருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று தோன்றியது. (வரிசையைக் கவனியுங்கள். அவ்வளவு உத்தமன்.) வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்யாணம். திறந்தால் ஒன்றுமில்லை. அவர் நான்காவது இட்லியில் கை வைத்தார். என்னால் முடியவில்லை. பாய்ந்து இலையையே உருவிவிட்டேன்.

"சாப்பிடாதீங்க மாமா! அது துணிக்குப் போடுற சாயம்!"

சம்பந்தி வீட்டாரின் இலையைச் சாப்பாட்டோடு பிடுங்கியவன் எங்கள் பரம்பரையிலேயே நான்தான். எல்லாவற்றையும் திக்கித் திணறிச் சொன்னேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "என் இட்லிக் குண்டான்லயாடா?"

மாமா எழுந்து கண்ணாடி முன் நாக்கை நீட்டினார். ஊதா. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடினோம். டாக்டர் அவரைப் பரிசோதித்து, பயமில்லை, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார். பிறகு என் கைகளையும் முகத்தையும் பார்த்து, "உங்களுக்கு என்னா பிரச்சினை?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை.

அவர்கள் அப்படியே சிதம்பரம் பஸ் ஏறினார்கள். நித்யாவின் போன் சாயங்காலம் வரை அணைந்திருந்தது. ஒரு பொம்மைக் காருக்காக அவளை இழந்துவிட்டேன் என்று நிஜமாகவே அழுதேன்.

இருட்டும் நேரத்தில் அவளே கூப்பிட்டாள். சிரிப்பில் பேச முடியவில்லை அவளுக்கு.

"மாமா என்னா சொன்னாரு?" என்றேன்.

"'தொட்டதுக்கெல்லாம் பொய் சொல்றான் பையன். ஆனா மூணு இட்லிக்கு மேல பொய்யை அவனால தாங்க முடியல. இந்த மாதிரி ஆளு கெடைக்க மாட்டான், நீ ஈசியா மேச்சிடுவ. தேதி குறிக்கச் சொல்லிட்டேன்'னாரு."

கல்யாணமாகிவிட்டது. இன்றைக்கும் நான் எதையாவது மறைத்துப் பேசினால் நித்யா சண்டை போடுவதில்லை, குறுக்கே பேசுவதுமில்லை. "ம், ஒரு இட்லி" என்கிறாள். சமாளித்துத் தொடர்ந்தால், "ரெண்டு." மூன்றைத் தாண்டி நான் போனதே இல்லை.