கஞ்சிப் பாக்கெட்டில் யூசுப் பாய் பேர்

முகம்மது யூசுப் அன்று காலை ஒரு முடிவுக்கு வந்தார். இனி இந்த வீட்டில் எதுவாக இருந்தாலும் அது அவர் பேரில்தான் இருக்கும்.

காரணம், ஒரு கல்யாணப் பத்திரிகை. 'ரிஃப்கா கஞ்சி கமருன்னிஸா மற்றும் குடும்பத்தார்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். பத்தொன்பது வருஷம் தம்மாம் வெயிலில் வெந்துவிட்டு நீடாமங்கலம் திரும்பிய மனுஷர், கடைசியில் 'குடும்பத்தார்' ஆகிவிட்டார். வயிறு எரியாதா?

அவர் இல்லாத காலத்தில் மனைவி கமருன்னிஸா நொய், பாசிப்பருப்பு, வெந்தயம் எல்லாம் கலந்து நோன்புக் கஞ்சி மிக்ஸ் போட்டு, மகள் ரிஃப்கா பேரை ஒட்டி, ஆன்லைனில் விற்கத் தொடங்கியிருந்தாள். பெங்களூர் வரை போகிறது பாக்கெட். இப்போது எவனோ ஒருத்தன் அதே பேரில், அதே பச்சைப் பாக்கெட்டில், விலையைக் குறைத்து விற்க ஆரம்பித்திருந்தான்.

"என்னங்க, இந்த அநியாயத்தைப் பாத்தீங்களா? ஆன்லைன் கம்பெனியில புகார் பண்ணினா, டிரேட்மார்க் சர்டிபிகேட் இருக்கான்னு கேக்குறாங்க."

"நீ கஞ்சியைப் பாரு கமரு. சர்டிபிகேட்டை நான் பாத்துக்கறேன்."

"எம் பேர்லதானே?"

"நம்ம பேர்ல."

தஞ்சாவூரில் டிரேட்மார்க் ஏஜென்ட் அமிர்தலிங்கம் விண்ணப்பத்தைத் திறந்தார். உரிமையாளர் என்ற கட்டத்தைப் பார்த்ததும் யூசுப்புக்கு மீசை துடித்தது. "முகம்மது யூசுப்னு போடுங்க. முழுசா போடுங்க."

போட்டார். கையெழுத்துக்கு ஆதார் ஓ.டி.பி. வேண்டுமாம். வெளிநாட்டில் இருந்த மனுஷரின் ஆதாரில் மனைவி நம்பர்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் போன் போட்டார்.

"கமரு, ஒரு நம்பர் வரும். வாசி."

"என்னாத்துக்குங்க?"

"கேஸ் சிலிண்டருக்கு."

"தஞ்சாவூர் போயா கேஸ் புக் பண்றீங்க?"

"வாசின்னா வாசியேன்!"

வாசித்தாள். அடுத்த எட்டு மாதம் யூசுப் நடையே மாறிப்போனது. 'உரிமையாளர்' என்று விசிட்டிங் கார்டு அடித்து, கேட்காதவர்களுக்கும் கொடுத்தார்.

அப்புறம் ஒரு ரிஜிஸ்தர் தபால் வந்தது. அவர் விண்ணப்பத்தை எதிர்த்து யாரோ ஆட்சேபம் கொடுத்திருந்தார்கள். யூசுப் கூடத்தில் நின்று கத்தினார்.

"அந்தத் திருட்டுப் பயதான் கமரு! விட மாட்டேன் அவனை!"

"கத்தாதீங்க. பேரைப் படிங்க."

ஆட்சேபிப்பவர்: கமருன்னிஸா. விலாசம், அவர் நின்றுகொண்டிருந்த வீடு.

"நீயா?"

"நாந்தான். ஓ.டி.பி. வந்தா எதுக்குன்னும் சேர்த்துத்தாங்க போட்டிருக்கும். எனக்குப் படிக்கத் தெரியாதா?"

"கட்டின புருஷன் மேலயே கேஸா?"

"கேஸ் இல்லீங்க, ஆட்சேபம். ரெண்டு மாசத்துல பதில் போடணுமாம். டீயைக் குடிச்சிட்டுப் போடுங்க."

யூசுப் அடுத்த ரயிலில் தஞ்சாவூருக்கு ஓடினார். அமிர்தலிங்கம் ஆட்சேபத்தோடு வந்த காகிதக் கட்டைப் புரட்டினார். லேபிள் அடித்த பில், பார்சல் ரசீது, வியாபாரம் தொடங்கிய ஏழு வருஷத்துக்கும் எல்லாம் கமருன்னிஸா பேரில்.

"உங்க பக்கம் என்ன ஆதாரம் இருக்கு பாய்?"

"நான் குடும்பத் தலைவன்!"

"ரேஷன் கார்டுல அவங்கதான் தலைவின்னு இருக்கு. சரி, இந்தப் பேர்ல நீங்க கஞ்சி வித்ததைப் பாத்த சாட்சி?"

யூசுப் யோசித்தார். குடித்ததைப் பார்த்த சாட்சிதான் வீடு நிறைய இருந்தது.

வேறென்ன செய்வது? விண்ணப்பத்தை அவள் பேருக்கே மாற்றிக் கையெழுத்துப் போட்டார். வீடு திரும்பியதும் மனைவியிடம் முறையிட்டார்.

"ஊர்ல ஒருத்தனுக்கும் என்னைத் தெரியல கமரு. பாக்கெட்ல ஒரு ஓரத்துலயாவது எம் பேர் வரக் கூடாதா?"

கமருன்னிஸாவுக்கு மனசு இளகிவிட்டது. "இதை முன்னாடியே கேட்டிருந்தா முதல் நாளே போட்டிருப்பேனே. போடுறேங்க."

ஆட்சேபத்தை வாபஸ் வாங்கினாள். சர்டிபிகேட் வந்தது. அதைக் காட்டியதும் திருட்டுப் பாக்கெட் ஆன்லைனில் இருந்து காணாமல் போனது. நோன்புக்கு முன்னால் அச்சகத்திலிருந்து புதுப் பாக்கெட்டுகள் வந்து இறங்கின.

யூசுப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றை எடுத்தார். முன்பக்கம் ரிஃப்கா. அதற்குக் கீழே உரிமையாளர் கமருன்னிஸா. அவசரமாகத் திருப்பினார். சொன்ன சொல் தவறாதவள் அவள். பின்பக்கம் கொட்டை எழுத்தில், போன் நம்பரோடு இருந்தது:

'புகார்களுக்கு: முகம்மது யூசுப். எந்த நேரமும் அழைக்கலாம்.'