கண்ணாடிக் கடைக்காரர் கொடுத்த சம்மதம்

சிடியில் கடைசிப் பாட்டு முடிந்ததும் எழுந்து போகிறவர்கள் சாதாரண மனிதர்கள். போகிறவர்களைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, "இருங்க, இன்னும் இருக்கு" என்கிறவர்கள் தனி இனம். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இல்லையா? கவலைப்படாதீர்கள், பெண் எடுக்கிற வீட்டில் இருப்பார். ஒரு பல் டாக்டருக்கு அப்படித்தான் வாய்த்தது.

அவர் விரும்பிய பெண்ணுக்குத் தாய் தகப்பன் இல்லை. அக்காவும் அக்கா புருஷனும்தான் எல்லாம். அக்கா புருஷன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தெருவில் அவருக்குப் பெயர் 'உஷ்'. சில பாடகர்கள் கடைசிப் பாட்டுக்குப் பிறகு வெறும் நிசப்தத்தை ஓடவிட்டு, அதற்கும் பின்னால், அட்டையில் பெயர்கூடப் போடாமல், ஒரு பாட்டை ஒளித்துவைப்பார்கள் அல்லவா? அதற்காகவே பிறவி எடுத்தவர் அவர். நிசப்தத்தைத் தாண்டி ஓட்டிவிடலாமே என்று யாராவது கேட்டால், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அந்த மௌனம் காதைக் கழுவுவதற்காம்.

டாக்டர் மறுநாள் வெளியூர் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் சம்மதம் வாங்கியாக வேண்டும். பெண் கேட்க அவர் வீட்டுக்கு வந்ததிலிருந்து வாய் திறக்கும்போதெல்லாம் ஒரு பாட்டு ஆரம்பித்தது. ஒருவழியாகக் கடைசிப் பாட்டும் முடிந்தது. டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"உஷ்."

கண்ணாடிக் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். ஃபிரிட்ஜ் முனகியது. பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அக்கா, தோல் உடைகிற சத்தத்துக்குப் பயந்து கையை நிறுத்தினாள். நாள் முழுக்க ஊராரை வாயைத் திற, வாயைத் திற என்று அதட்டுகிற டாக்டர், தன் வாயைப் பூட்டிக்கொண்டு வியர்த்தார். அவர் வயிறு மட்டும் சொன்ன பேச்சு கேட்காமல் உறுமியது. மேஜைக்கடியில் அந்தப் பெண் ஓர் உதை விட்டாள். வெறும் உதையா அது?

"சார், உங்க மச்சினியை எனக்குக் கட்டிக் குடுங்க" என்று கொட்டிவிட்டார் டாக்டர்.

சரியாக அதே நொடியில் ஒளிந்திருந்தது வெளியே வந்தது. பாட்டுகூட இல்லை, பாடகர் இரண்டு முறை இருமிவிட்டுச் சிரிக்கிறார், எங்கோ ஒரு நாய் குரைக்கிறது, அவ்வளவுதான். கடைக்காரரின் மூடிய கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது.

"ஆகா, இதுக்காகத்தானே இவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருந்தேன்" என்றார்.

அக்கா பட்டாணியை அப்படியே போட்டுவிட்டுத் தங்கையைக் கட்டிக்கொண்டாள். தங்கை அழுதாள். டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைக்காரர் கண்ணைத் திறந்து பார்த்தார்: வீடே கண்ணீரும் கட்டிப்பிடிப்புமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ரசித்தவர்கள் உண்டா? பாய்ந்து டாக்டரைத் தழுவிக்கொண்டார்.

"முதல் தடவை கேக்கறப்போ எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்" என்று முதுகைத் தட்டினார்.

கல்யாணச் சட்டைக்கு அளவெடுக்கத் தையல்காரர் வந்தபோதுதான் கடைக்காரருக்கு விஷயமே தெரிந்தது. யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்தார். சொன்னார்கள். சிறிது யோசித்துவிட்டு, மாப்பிள்ளை நல்ல ரசிகர், தனக்கேற்ற சகலைதான் என்று கையைத் தூக்கி அளவு கொடுத்தார்.

சிரிக்காதீர்கள். கதை முடிகிற இடம் வந்ததும் இதற்குக் கீழே இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று உங்கள் கண் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு வந்தது. ஒன்றுமில்லை. சொன்ன பிறகும் மறுபடி பார்க்கிறீர்களே!