இரண்டு லைஃப் ஜாக்கெட் போட்ட அத்தான்

நான் அன்பும் அதில் பாதியளவு பயமும் வைத்திருக்கும் அக்காவுக்கு, உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், வலது காதில் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருப்பதைத் தவிர. அத்தானும் சுகம். நீயும் பிள்ளைகள் இருவரும் சுகமாக இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். நேற்று ஃபோனில் நீ போட்ட சத்தமே போதும்.

அத்தான் ஃபோனில் சிரித்துவிட்டார் என்பதற்காக நீ அப்படிப் பதறியிருக்க வேண்டாம். "அஞ்சு மாசமா வாயே திறக்காத மனுஷன் சிரிக்கிறாருடா, என்னடா பண்ணித் தொலைச்ச?" என்று கேட்டாய். நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள், "நீ ஃபோன்ல மழுப்புவ. ஒண்ணு விடாம எழுதி அவர்கிட்டயே கொடுத்தனுப்பு" என்று சொல்லி வைத்துவிட்டாய். எழுதுகிறேன். மழுப்ப இதில் எதுவும் இல்லை. பொறுப்பான ஒரு மனிதன் ஏற்றுக்கொண்ட வேலையை எப்படி முடித்தான் என்பதுதான் மொத்த விஷயமும்.

நீ எனக்குக் கொடுத்த வேலை இரண்டு. முப்பது வருஷம் ஊருக்குத் தண்ணீர் திறந்துவிட்ட அத்தான், ஓய்வு பெற்ற அன்று தொட்டிச் சாவியோடு பேச்சையும் ஆபீஸில் ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டார். அவரை இந்தத் தீவில் ஒரு வாரம் சுற்றிக் காட்டி மறுபடி பேச வைக்க வேண்டும். அடுத்தது, "அவருக்குக் குழாய்த் தண்ணிதான் தெரியும், கடல்ல ஆழத்துக்குக் கூட்டிட்டுப் போயிடாத." இதை நான் ஒழுங்காகச் செய்தால், லீவுக்குப் பிள்ளைகளை அனுப்புவதாகவும், நான் அவர்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தாய். படகுத்துறையில் இருபத்திரண்டு வருஷமாக மைக் பிடித்துப் பாதுகாப்பு விதிகளை அறிவிக்கிறவனை விட்டால் வேறு யாரிடம் அனுப்புவாய்? உன் நம்பிக்கை நியாயமானது.

முதல் நாள் கண்ணாடி அடித்தளம் வைத்த படகில் கூட்டிப்போனேன். காலுக்குக் கீழே மஞ்சள் மீன், நீல மீன், கோடு போட்ட மீன் என்று கூட்டம் கூட்டமாகப் போகிறது, சுற்றியிருந்தவர்கள் குனிந்து குனிந்து பார்க்கிறார்கள், அத்தான் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு, பின்பக்கம் தண்ணீர் இறைக்கும் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கழித்து, "பம்பு இழுக்கல" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். இரண்டு வார்த்தை வந்துவிட்டது, மிச்சமும் வரும் என்று தைரியமாக இருந்தேன். மறுநாள் மலை உச்சிக்கு ஏற்றினேன். அங்கிருந்து பார்த்தால் தீவு முழுக்கத் தெரியும், மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் ஊர், வந்தவர்களெல்லாம் கடலுக்கு முதுகைக் காட்டி ஃபோட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அத்தானும் கடலுக்கு முதுகைக் காட்டினார். ஃபோட்டோவுக்காக அல்ல, அந்தப் பக்கம் இருந்த மேல்நிலைத் தொட்டியைப் பார்ப்பதற்காக. "மூடி தொறந்து கெடக்கு" என்றார். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது அக்கா. இத்தனை பெரிய கடலைக் காட்டியும் அந்த மனிதருக்கு ஒரு தொட்டிதான் கண்ணில் படுகிறது என்றால், மனசு எங்கே கிடக்கிறது என்று புரிந்தது.

அதனால்தான் மூன்றாம் நாள் அதிரடி நடவடிக்கை எடுத்தேன். இரண்டு பேர் உட்காரும் துடுப்புப் படகு. வாடகைக்கு விடுகிற படகுக்காரம்மா ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கொடுத்தார். நான் அத்தானுக்கு ஒன்று மாட்டி, வாரை இறுக்கி, நீ சொன்னது ஞாபகம் வந்து அதன் மேலேயே என்னுடையதையும் மாட்டிவிட்டேன். கையைக் கீழே இறக்க முடியாமல் நின்றார். "உங்களுக்கு சார்?" என்று படகுக்காரம்மா கேட்டார். "எனக்கெதுக்கும்மா, நான் இந்தத் துறைல இருபத்திரண்டு வருஷம்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் துடுப்பை எடுத்துக் கொடுத்தார்.

அனுபவம் உள்ளவன் என்பதால் முன்னால் நான் உட்கார்ந்தேன். படகு நன்றாகவே போனது. ஒரே இடத்தில் மூன்று தடவை சுற்றியது, அது காற்றின் போக்கு. அப்போதுதான் அத்தானுக்குப் பாதுகாப்பு விதிகள் சொல்லவில்லையே என்று தோன்றியது. நான்காவது விதி, படகில் எழுந்து நிற்கக் கூடாது. மைக் இல்லாமல் சொன்னால் யாருக்கும் மனசில் பதியாது, எனக்கும் வராது. எனவே எப்படி நிற்கக் கூடாது என்று காட்டுவதற்காக எழுந்து நின்றேன். விதி சரியான விதி என்பது உடனே நிரூபணமானது.

விழுந்த இடத்தில் தண்ணீர் இடுப்பளவுதான். அத்தான் பதற்றத்தில் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார். நானும் பெரிய மனசு பண்ணிப் பிடித்துக்கொள்ள விட்டேன். கரை வரைக்கும் பிடித்த பிடி விடாமலே வந்தார். நடுவில் நான் கத்தியதாகப் படகுக்காரம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். கத்தினேன்தான். அறிவிப்பு என்றால் சத்தமாகத்தான் சொல்ல வேண்டும், என் வேலையே அது. கரையில் வந்து விழுந்ததும் அத்தான் சிரித்தார் பார், அப்படி ஒரு சிரிப்பு. இரும ஆரம்பித்து, நின்று, மறுபடி சிரித்தார். அன்று மாலையிலிருந்து பேச்சும் வந்துவிட்டது. அந்தக் கண்ணாடிப் படகின் பம்பை அவரே போய்ப் பிரித்து மாட்டிவிட்டு வந்தார். நீ ஃபோனில் கேட்டது அந்தச் சிரிப்பின் மிச்சம்தான்.

ஆக, கொடுத்த வேலையை முடித்துவிட்டேன். அத்தானைப் பேச வைத்தாயிற்று, இடுப்புக்கு மேல் நனையவும் விடவில்லை. பிள்ளைகளை லீவு விட்ட அன்றே அனுப்பு; ஒரே வாரத்தில் மீன் மாதிரி நீந்த வைத்து அனுப்புகிறேன். உன் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல், உன் குரல் இப்படியே கணீரென்று இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். கடிதத்தை ஒட்டி அத்தானிடம் கொடுக்கிறேன். அவர் அடுத்தவர் கடிதத்தைத் தொடாதவர்.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: ஒட்டுவதற்குப் பசை தேடி உள்ளே போனேன். திரும்பி வந்தால் அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆபீஸுக்கு வரும் புகார் மனுவைப் படிப்பது போல இதைப் படித்து முடித்திருந்தார். "எல்லாம் சரி மாப்ளே. யாரு யாரப் புடிச்சாங்கன்னு மட்டும் மாத்தி எழுதிட்ட. பிள்ளைங்க விஷயம் இது. கீழ எழுது, இல்லன்னா நான் எடுத்துட்டுப் போகமாட்டேன்" என்கிறார். அதனால் எழுதுகிறேன்.

தண்ணீர் என் தலைக்கு மேல் இருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. இந்தத் தீவுக்கு வந்த நாளிலிருந்து கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. அத்தானுக்கு நீச்சல் தெரியும். வருஷத்துக்கு இரண்டு தடவை, கழுவுவதற்காகத் தொட்டியைக் காலி பண்ணும் முன்னால், மூடியைச் சாத்திக்கொண்டு உள்ளே ஒரு மணி நேரம் நீந்துவாராம். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று முப்பது வருஷமாக உன்னிடம்கூடச் சொல்லவில்லையாம். சாவியைக் கொடுத்ததும் அவரை விட்டுப் போனது அந்த ஒரு மணி நேரம்தான். கடலில் ஒரு ஜாக்கெட்டைக் கழற்றி என் கைக்குள் திணித்து, காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தவர் அவர்.

கரையில் போட்டுவிட்டு, "நீச்சல் தெரியாதா?" என்றார். தெரியாது என்றேன். "இருபத்திரண்டு வருஷமாவா?" ஆமாம் என்றேன். "தெரியாமயா உன் ஜாக்கெட்டக் கழட்டி எனக்குப் போட்ட?" அக்கா சொன்னாள் என்றேன். அதற்குத்தான் சிரித்தார். பாதிச் சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தச் சிரிப்புக்காக இன்னொரு தடவை எழுந்து நிற்கலாம் போலிருந்தது.

தொட்டி விஷயத்துக்கு அவரைத் திட்டாதே. லீவுக்குப் பிள்ளைகள் இரண்டு பேரையும் அத்தானோடு சேர்த்தே அனுப்பு. சொல்லிக்கொடுப்பது அவர். வகுப்பில் மொத்தம் மூன்று பேர்.