ஃபெஸ் நகரில் காலியண்ணன்

கறிக்கு மேல் சர்க்கரை தூவிச் சாப்பிடுகிற ஊர் ஒன்று இருக்கிறது என்று அலுவலகக் கணினியில் நான் படம் காட்டிய நிமிடம், காலியண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். "இத எவனும் முழுசா துன்னிருக்க மாட்டான். கெளம்புமா, போய் காலி பண்ணிட்டு வரலாம்."

மொராக்கோவின் பழைய நகரமான ஃபெஸ்ஸுக்கு நாங்கள் போனது இப்படித்தான்.

காலியண்ணன் எதிரில் தட்டில் ஒரு பருக்கையை விட்டுவிட்டு எழுந்த மனிதர் எங்கள் அலுவலகம் இருக்கும் வைட்ஃபீல்டு முழுக்கத் தேடினாலும் கிடைக்கமாட்டார். எங்கள் அலுவலகத்துக்கு வண்டி ஏற்பாடு செய்வது அவர் வேலை. தினமும் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வருவார். மதியம் கேன்டீனில், தட்டுப் போடும் தொட்டிக்கு முன்னால் போலீஸ்காரர்போல் நின்றுகொள்வார். "இன்னாமா, அந்தச் சட்னிய யாருக்கு வெச்சிருக்க? காலி பண்ணு." பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

ஒருமுறை வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் பாதி வடையை ஒதுக்கிவிட்டார். அண்ணன் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வடையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். மனிதர் மென்று விழுங்கி, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "இவர் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவா?"

பயணத்துக்கு மூன்று பேர் தேறினோம்: நான், அண்ணன், என் பக்கத்து மேசை சலீம். விமானத்தில் அண்ணன் வெண்ணெய்க் கட்டியைக் கரண்டியால் வழித்துத் தின்றார். தூங்கிக்கொண்டிருந்த சலீமின் வெண்ணெயையும் தின்றார். பணிப்பெண் தட்டை எடுக்க வந்தபோது, "பாத்துக்கோ, கழுவவே வேணாம்" என்று தமிழிலேயே சொல்லித் தட்டை நீட்டினார்.

ஃபெஸ்ஸில் தெருத்தெருவாகச் சாப்பாடு காட்டும் வழிகாட்டி இத்ரீஸுக்கு அண்ணனைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. நத்தை சூப்பைக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிய விருந்தாளியை அவர் பார்த்ததில்லையாம். "நாளை மதியம் எங்கள் வீட்டில் சாப்பாடு. அம்மா சமைப்பார்" என்றார்.

மறுநாள் அந்தச் சின்ன வீட்டில் எங்கள் மூவரையும் இத்ரீஸையும் வட்டமாக உட்காரவைத்து, நடுவில் ஒரே ஒரு பெரிய தட்டை வைத்தார்கள். மாவுக்குள் புறாக்கறி, மேலே சர்க்கரையும் பட்டைப் பொடியும். எல்லாரும் அதிலிருந்தே பிட்டுத் தின்ன வேண்டும். அடுத்து, உலர்ந்த பழம் போட்ட ஆட்டுக்கறி, ஒரு மலையளவு. இத்ரீஸ் சீக்கிரமே கையைத் துடைத்துக்கொண்டார்.

"பஸ், போதும் அண்ணே, வயித்துல எடமே இல்ல" என்று சலீம் கெஞ்சினான்.

"டேய், அந்தம்மா காலையிலேருந்து அடுப்புல வெந்திருக்குது. மிச்சம் வெச்சா அவங்க மூஞ்சில எப்பிடிடா முழிப்ப? துன்னு."

இத்ரீஸ் ஏதோ சொல்ல வாயெடுத்து, சிரித்து, மூடிக்கொண்டார். விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது? நாங்களோ எலும்பை உறிஞ்சி, குழம்பை ரொட்டியால் துடைத்து, தட்டின் அடியில் இருந்த நீலப் பூ வேலை பளபளக்கும்வரை ஓயவில்லை.

பெருமையோடு தட்டை நானே தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன்.

அங்கே தாழ்ந்த மேசையைச் சுற்றி நான்கு பெண்கள். அம்மா, இரண்டு தங்கைகள், ஒரு சித்தி. ரொட்டி துண்டு போட்டு வைத்திருந்தார்கள். மேசைக்கு நடுவே ஒரு தட்டு வைக்கிற அளவுக்கு வட்டமாக இடம் விட்டிருந்தார்கள். என் கையிலிருந்த தட்டுக்காக.

அந்த வீட்டு வழக்கம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே விருந்தாளி முதலில் சாப்பிடுவார். தட்டு உள்ளே திரும்பி வந்த பிறகு வீட்டார் சாப்பிடுவார்கள். அதனால்தான் மலையளவு. நான்கு பேரின் மதியச் சாப்பாட்டைத் தின்றுவிட்டு, தட்டைத் துடைத்தும் கொண்டுவந்திருக்கிறேன்! அம்மா என் கன்னத்தைத் தொட்டு, உடம்புக்குச் சேரட்டும் என்று அவர்கள் மொழியில் சொன்னார். சித்தி ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள ஆலிவ் காய் ஜாடியைத் திறந்தார். தரை பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.

வெளியே வந்து சொன்னேன். சலீம் தலையில் கைவைத்துக்கொண்டான். காலியண்ணன் தன் விரலில் ஒட்டியிருந்த குழம்பைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அன்று மாலை முழுக்க அவர் எதையும் சாப்பிடாததை இத்ரீஸ் வயிற்றுக் கோளாறு என்று நினைத்து மருந்துக்கடை தேடினார்.

மறுநாள் விடியும்போதே என் அறைக் கதவு தட்டப்பட்டது.

"எழுந்திரிமா. நேத்து மார்க்கெட்டுல ஒரு மூட்டை பாத்தேன். நம்ம ரவையேதான். தக்காளி இருக்குது, வெங்காயம் இருக்குது. கடுகு தான் இல்ல, சீரகம் போட்டா ஒத்துக்கும் இல்ல?"

"எதுக்குண்ணே?"

"அந்த வூட்டுக்கு உப்புமா. இத்ரீஸ்கிட்ட சொல்லிட்டேன், அவங்கம்மா அடுப்பு குடுக்கறாங்களாம். அந்த நாலு பொம்பளைங்களும் கூடத்துல உக்காரணும். முதல்ல அவங்க துன்னணும். நாம மூணு பேரும் உள்ள காத்துனு இருக்கணும்."

"நமக்கு மிச்சம் வரலைன்னா?"

"வராத மாதிரி சமைக்கணும்மா" என்றார், பாவமாக.

ரவைப் பையை அணைத்துக்கொண்டு அவர் சந்துக்குள் முன்னால் நடந்தார். என் பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் இருந்தது. அதை விடுதி வாசலிலேயே வைத்துவிட்டு, வெறும் வயிற்றோடு ஓடிப்போய் அவரோடு சேர்ந்துகொண்டேன்.