கரடியார் காப்பாற்றிய சுக்கான்

ஒரு காட்டில், காடு முடிகிற இடத்தில், கடல் இருந்தது. காட்டில் எப்படிக் கடல் வந்தது என்று கேட்கிறவர்கள் இங்கேயே எழுந்து போய்விடலாம். கரடி பேசினால் ஒத்துக்கொள்கிற மனசுக்குக் கடல் மட்டும் எங்கே குத்துகிறது?

அந்தக் காட்டில் தில்லைநாயகம் என்றொரு கரடி இருந்தார். தேன் வியாபாரம். 'இருந்தார்' என்று மரியாதையாகச் சொல்வதற்குக் காரணம் அவருடைய குணமல்ல, அவருடைய படகு. உல்லாசப் படகு வைத்திருக்கும் பிராணியை அது, இது என்று பேசினால் அங்கே படகுக்காரர்களுக்குக் கோபம் வந்துவிடும். முதலில் சிறுத்தையார் ஒன்று வாங்கினார். அதைப் பார்த்து முள்ளம்பன்றியார் வாங்கினார். தண்ணீர் பட்டாலே தும்முகிற குரங்கார்கூட ஒன்று வாங்கிக் கரையில் கட்டிவைத்தார்.

தில்லைநாயகம் வாங்கியதற்கு மட்டும் ஒரு நல்ல காரணம் இருந்தது. எதிரே தெரிகிற தீவில் அவர் மனைவி கோமளவல்லியின் தங்கை செங்கமலம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்குக் குட்டிகள் பிறந்திருந்தன. "குட்டிங்க கண்ணு திறக்கறதுக்குள்ள ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடணுங்க" என்றாள் கோமளம். "அதுக்குத்தானே படகே வாங்கினேன்" என்றார் தில்லைநாயகம். சத்தியமாகத்தான் சொன்னார். படகுக்குக் 'கோமளா' என்று பெயரும் எழுதினார்.

ஆனால் மனுஷருக்கு, மன்னிக்கவும், கரடிக்கு ஒரு வியாதி இருந்தது. வாங்கின பொருள் எதுவும் கெட்டுப்போகக் கூடாது. அவர் வீட்டு சோபாவில் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருந்தது. வருகிறவர்கள் உட்கார்ந்தால் வழுக்கிக் கீழே வருவார்கள், பிறகு தரையிலேயே உட்கார்ந்து பழகிவிட்டார்கள். டிவி ரிமோட்டைப் பாலிதீனில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். எந்தப் பட்டன் எதற்கு என்று தெரியாததால் அந்த வீட்டில் எப்போதும் ஒரே சேனல்தான் ஓடியது. நல்ல தட்டுகளெல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன, சாப்பாடு இலையில்.

அப்படிப்பட்டவர் கையில் ஒரு படகு கிடைத்தால் என்ன ஆகும்? இருக்கைகளின் உறையைப் பிரிக்கவில்லை. நங்கூரத்துக்குத் துணிப்பை தைத்தார். "நல்ல நாள் பார்த்துக் கிளம்பலாம்" என்றார். நல்ல நாள் வருவதற்குள் ஓர்க்கா வந்துவிட்டது.

ஓர்க்கா என்பது கருப்பு உடம்பில் வெள்ளைத் திட்டு வைத்த பெரிய கடல் பிராணி. ஒரு குடும்பமே அந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. அவற்றுக்கு ஒரு விசித்திரப் பழக்கம். படகு போனால் பின்னாலேயே போய், அதன் சுக்கானை, அதாவது படகைத் திருப்புவதற்குப் பின்பக்கம் தண்ணீருக்குள் இருக்கும் இரும்புப் பலகையை, வாயால் பிடுங்கும். பிடுங்கிக் கொஞ்ச நேரம் விளையாடும். பிறகு போய்விடும். சிறுத்தையாரின் சுக்கானைத்தான் முதலில் பிடுங்கின. படகு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது, சிறுத்தையார் தொண்டை வற்றக் கத்தினார், மீன் பிடிக்க வந்த கொக்குகள் கயிறு கட்டி இழுத்துவந்து கரையில் விட்டன. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இந்தச் செய்தி கரையிலிருந்து காட்டு டீக்கடைக்கு வருவதற்குள் ஓர்க்காவுக்குப் பல் நீண்டது, கொம்பு முளைத்தது, கடைசியில் சிறுத்தையாரையே அது முழுங்கிவிட்டது. சிறுத்தையார் அந்த டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தார். "ஐயோ பாவம்" என்று சொல்லி இன்னொரு டீ வாங்கிக் குடித்தார்.

தில்லைநாயகம் ஓடிப்போய்ப் படகுக் கயிற்றில் இன்னும் இரண்டு முடிச்சுப் போட்டார். அன்று மாலையே படகுக்காரர்கள் எல்லாரும் கூடி, 'உல்லாசப் படகுப் பாதுகாப்புச் சங்கம்' ஆரம்பித்தார்கள். ஆலோசகராகக் கீரிப்பிள்ளை சாந்தப்பனைப் போட்டார்கள். சாந்தப்பன் கடலில் கால் நனைத்தவரல்ல. ஆனால் எப்போதோ ஒரு பாம்பைக் கடித்திருக்கிறார். பாம்பு நீளம், ஓர்க்காவும் நீளம். இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

"அண்ணாச்சி, ஒண்ணும் பயப்படாதீங்க, சத்தம்னா அதுக்கு ஆகவே ஆகாது" என்று சாந்தப்பன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பொத்தானை அழுத்தினால் அது தகரத்தை இழுத்த மாதிரி ஊளையிட்டது. முள்ளம்பன்றியார் அதைப் படகில் கட்டிக்கொண்டு தைரியமாகப் போனார். தூரத்துத் தண்ணீரில் கிடந்த ஓர்க்காக்களெல்லாம் என்னமோ கச்சேரி நடக்கிறதென்று குடும்பத்தோடு வந்து, காது குளிரக் கேட்டுவிட்டு, போகும்போது சுக்கானையும் எடுத்துக்கொண்டு போயின.

"பெட்டியில கோளாறு இல்ல அண்ணாச்சி. அது கேட்கற விதத்துலதான் கோளாறு" என்றார் சாந்தப்பன். சங்கம் தலையாட்டியது.

அடுத்து, எல்லாச் சுக்கானிலும் திருஷ்டி பொம்மை கட்டச் சொன்னார். நாக்கை நீட்டிக்கொண்டு, மீசை வைத்து, பார்க்கவே பயங்கரமான பொம்மை. குரங்காரின் படகில் கட்டியிருந்ததை ஓர்க்காக் குட்டி ஒன்று பிடுங்கிக்கொண்டு போய், அப்புறம் பல நாள் அதை விடவே இல்லை, தூங்கும்போதும் பக்கத்தில் வைத்துக்கொண்டதாகக் கேள்வி.

இதற்குள் தீவில் செங்கமலத்தின் குட்டிகள் கண் திறந்துவிட்டன. கடல்காகம் வந்து சொல்லிவிட்டுப் போனது. கோமளம் அடுப்பில் பாத்திரத்தைக் கொஞ்சம் ஓசையாக வைத்தாள்.

"ஆழம் இல்லாத இடத்துல அது வராது. கரையை ஒட்டியே போங்க" என்றார் சாந்தப்பன் அடுத்த கூட்டத்தில். உருப்படியான யோசனை என்று சொல்லத்தான் வேண்டும். தில்லைநாயகம் கோமளத்தை ஏற்றிக்கொண்டு, கரையை ஒட்டி, அடியில் மணல் உரச உரச, முழங்கால் ஆழத்தில் படகு ஓட்டினார். கிழக்கே கொஞ்ச தூரம் போனார்கள், மேற்கே கொஞ்ச தூரம் வந்தார்கள். தீவு எங்கிருந்து பார்த்தாலும் அதே தூரத்தில் இருந்தது. கோமளம் உறை பிரிக்காத இருக்கையில் வழுக்காமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, தீவு அந்தப் பக்கம்."

"தெரியும் கோமளம். பத்திரம் இந்தப் பக்கம்."

முழங்கால் ஆழமும் ஆபத்து என்று அதற்கடுத்த கூட்டத்தில் முடிவானது. அலை வந்தால் ஆழம் கூடும் அல்லவா, அலையோடு ஓர்க்காவும் வந்தால் என்ன செய்வது? படகுகளை மணலுக்கு ஏற்றினார்கள். மணலில் இருந்தாலும் கடல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று சிறுத்தையார் எழுந்து கேட்டார். முழுங்கப்பட்டவர் கேட்கும்போது மறுக்க முடியுமா? யானையைக் கூப்பிட்டு, படகுகளைக் காட்டுக்குள் இழுத்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் இழுத்தா நம்ம கொல்லைக்கே வந்துடும்" என்றாள் கோமளம், கேலியாக.

"அதைத்தான் யானைகிட்ட சொல்லியிருக்கேன்" என்றார் தில்லைநாயகம், சந்தோஷமாக.

அப்படி 'கோமளா' கொல்லைப்புறத்தில் பலா மரத்தடியில் வந்து உட்கார்ந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. அடியிலிருந்து நுனி வரை தார்ப்பாய் போட்டு மூடினார், அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள். சுக்கானுக்கு மட்டும் தன்னுடைய கம்பளியைச் சுற்றினார். அந்த மார்கழியில் கோமளமும் அவரும் ஒரே கம்பளியில் குளிரில் நடுங்கினார்கள், சுக்கான் கதகதப்பாக இருந்தது. மாலை நேரங்களில் உயிர்காப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு தார்ப்பாய்க்குள் நுழைந்து, இருட்டில், படகின் மேல்தட்டில் அவர் உட்கார்ந்திருப்பார். அதுதான் உல்லாசம்.

ஓர்க்காக்கள் கொல்லைப்பக்கம் ஒருமுறைகூட வரவில்லை. "பார்த்தீங்களா அண்ணாச்சி, நம்ம திட்டம் வேலை செய்யுது" என்றார் சாந்தப்பன். சங்கம் விழா எடுத்தது. சுக்கான் சேதமாகாத சிறந்த படகுக்கான கேடயத்தைத் தில்லைநாயகத்துக்குக் கொடுத்து, பொன்னாடை போர்த்தினார்கள். அவர் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கேடயத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டார். கேடயம் வாங்கின படகு தேயக் கூடாது என்று மாலையில் அதில் ஏறி உட்காருவதையும் அன்றோடு விட்டார்.

சில வருஷம் இப்படியே போய், ஒரு தைமாதத்தில் கடல்காகம் மறுபடி வந்தது. செங்கமலத்தின் குட்டிகள் மரமேறித் தேனெடுக்கப் பழகிவிட்டனவாம். பெரியம்மா எப்போது வருவாள் என்று கேட்பதை நிறுத்திவிட்டனவாம். மூத்தவளுக்கு மறுநாள் கல்யாணம்.

கோமளம் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் தில்லைநாயகத்துக்கு அவள் வீட்டில் இல்லை என்பது உறைத்தது. பதறிப்போய் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார். அங்கே கோமளம் பாறையில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில், ஒரு பெரிய கருப்புத் தலை. இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"கோமளம், நகராதே" என்றார், அவர் நகராமல்.

"வாங்க. இவங்க முத்துக்கருப்பி. இந்தக் குடும்பத்துக்கு மூத்தவங்க."

முத்துக்கருப்பி வணக்கம் சொல்வதுபோல் தண்ணீரை மேலே ஊதினாள். தில்லைநாயகம் ஜாக்கெட்டின் பட்டையை இறுக்கிக்கொண்டு, எவ்வளவோ காலமாகச் சங்கத்தில் யாருமே கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"எதுக்காகச் சுக்கானைப் பிடுங்கறீங்க?"

"சும்மாதான் அண்ணே. பசங்களுக்குப் பொழுது போகல. ஒருத்தன் ஆரம்பிச்சான், மத்ததுங்க பிடிச்சுக்கிச்சு. அதெல்லாம் எப்பவோ விட்டாச்சு. இப்ப ஜெல்லி மீனைத் தலையில வச்சுக்கிட்டு நீந்தறதுதான் விளையாட்டு."

தில்லைநாயகத்துக்கு நியாயமாகச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். மூக்கு விடைத்தது.

"அப்படியெல்லாம் வாய்க்கு வந்தபடி சொல்லாதீங்க" என்றார். "எங்களுக்குன்னு ஒரு சங்கம் இருக்கு. கேடயம் குடுத்திருக்காங்க. நீங்க ஆபத்தானவங்கதான். உங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

முத்துக்கருப்பி கோமளத்தைப் பார்த்தாள். கோமளம் அவளைப் பார்த்தாள். பெண்கள் இரண்டு பேர் அப்படிப் பார்த்துக்கொண்டால் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

"அக்கா, தீவுக்குத்தானே? ஏறிக்குங்க" என்றாள் முத்துக்கருப்பி. "அண்ணே, நீங்களும் வாங்க. முதுகு பெருசுதான்."

கோமளம் பாறையிலிருந்து இறங்கி அந்த வழவழப்பான முதுகில் உட்கார்ந்தாள். சோபா பழக்கத்தால் வழுக்கவில்லை. திரும்பிப் பார்த்து, "வாங்களேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் கோபமே இல்லை. இவர் வந்துவிட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடத் தயாராக இருந்தாள்.

தில்லைநாயகம் ஒரு காலைத் தண்ணீரில் வைத்தார். தண்ணீர் இதமாக இருந்தது. முத்துக்கருப்பியின் முதுகில் கோமளத்துக்குப் பின்னால் அவர் அளவுக்கு இடமும் இருந்தது. போகலாம் என்று நிஜமாகவே தோன்றியது. அப்புறம் நினைவு வந்தது.

"நான் வந்துட்டா படகை யார் பார்த்துக்கறது?"

கோமளம் தீவைப் பார்த்து உட்கார்ந்தாள். முத்துக்கருப்பி மெதுவாகத் திரும்பினாள். தீவு அந்தப் பக்கம் இருந்தது, அவர்கள் அந்தப் பக்கமே போனார்கள். கண்ணுக்குத் தெரிகிறவரை பார்த்துக்கொண்டு நின்ற தில்லைநாயகம், "ரோமம் நனையும், சளி பிடிக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

வீடு வெறிச்சென்று இருந்தது. டிவியில் அதே சேனல். நேராகக் கொல்லைக்குப் போய், தார்ப்பாயைத் தூக்கி, படகில் ஏறினார். மேல்தட்டில் வைத்த கால் நேரே பலா மரத்தின் வேரில் போய் நின்றது.

ஈரமண், இருட்டு, மேலே காற்றுப் புகாத மூடாக்கு. கரையானுக்கு வேறென்ன வேண்டும்? பலகை, விலாச்சட்டம், கொடிமரம், 'கோமளா' என்று எழுதியிருந்த பெயர்ப்பலகை, எல்லாம் போயிருந்தன. அவர் அசைந்ததும் மீதியும் பொலபொலவென்று உதிர்ந்தது. தார்ப்பாயின் வடிவத்தில்தான் இத்தனை நாள் ஒரு படகு நின்றிருக்கிறது. மண்ணுக்கு நடுவே, கம்பளி சுற்றிய சுக்கான் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது.

தில்லைநாயகம் அதைக் கட்டிக்கொண்டு அழுதார். படகுக்காக அழுதாரா, கோமளத்துக்காக அழுதாரா என்று அவருக்கே தெரியவில்லை. அழுகை மட்டும் உண்மை.

மறுநாள் சாந்தப்பன் சங்கத்தோடு வந்தார். மண்குவியலைச் சுற்றிவந்தார்கள். கம்பளியைப் பிரித்துச் சுக்கானைத் தட்டிப் பார்த்தார்கள். கணீரென்றது.

"அண்ணாச்சி, சுக்கானுக்குச் சேதமே இல்லையே. இந்த வருஷமும் கேடயம் உங்களுக்குத்தான்" என்றார் சாந்தப்பன்.

சிறுத்தையார் பொறாமையில் மீசையைக் கடித்துக்கொண்டார். தில்லைநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தை ஒருமுறை பார்த்து, பொன்னாடைக்குக் குனிந்தார். தீவிலிருந்து காற்று வந்தது. அதில் கல்யாண வீட்டு மேளம் கேட்டது. "ஓர்க்காவா இருக்கப்போகுது" என்று எல்லாரும் ஜன்னலைச் சாத்தப் போனார்கள்.

நீதி: படகை ஓர்க்காவிடம் பறிகொடுக்காமல் இருக்க உறுதியான வழி ஒன்றுதான், அதற்கு முன்பே கரையானிடம் கொடுத்துவிடுங்கள். கரையானுக்கு இரும்பு பிடிக்காது, கேடயம் நிச்சயம்.