குக்கர் வெயிட்டும் காலிக் கட்டிலும்

மரியாதைக்குரிய சின்னவளுக்கு,

ஒரே வீட்டுக்கு உனக்கு ஆறு வருஷம் முன்னால் மருமகளாக வந்த பெரியவள் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். நீயும் சுகம் என்று என் மகன் சொன்னான், நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். உன் முழங்கால், உன் மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லாரும் நன்றாக இருக்கட்டும். மரியாதை முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பதினாலு வருஷமாக உன்னோடு பேசுவதில்லை என்று சத்தியம் செய்தவள் இப்போது எப்படி எழுதுகிறாள் என்று நீ வாயைக் கோணுவாய். பேசுவதில்லை என்றுதான் சொன்னேன். எழுதுவதில்லை என்று நான் சொன்னதற்குச் சாட்சி இருந்தால் கூட்டி வா. இன்னொன்று, நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள் என்பது உனக்குத் தெரியும், இந்தக் கடிதத்தில் தப்பு இருந்தால் அது உன் தப்பு, ஏனென்றால் அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு ஒரு விசிலுக்கு ஒரு வரி என்று எனக்கு எழுதப் பழக்கியவள் நீதான். அதனால்தான் இப்போது என் வரிகள் எல்லாம் இப்படி நீண்டுகொண்டே போகின்றன, நிறுத்தச் சொல்ல விசில் இல்லை.

விசில் ஏன் இல்லை என்பதும் உனக்குத் தெரியும். குடும்பம் பிரிந்த அன்று மாமனார் நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குக்கர் பெரியவளுக்கு, இஸ்திரிப் பெட்டி சின்னவளுக்கு என்று பங்கு சொன்னார். செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். நீ ஊதாப்பூப் போட்ட சேலை கட்டியிருந்தாய், இடது கையில் ஒரு வளையல் குறைந்தது. எனக்கு எதுவும் மறக்காது. புது வீட்டுக்குப் போய்க் குக்கரை எடுத்தால் மூடி இருக்கிறது, ரப்பர் இருக்கிறது, வெயிட் இல்லை. அடுப்படியில் கடைசியாக நின்றவள் நீ. வேறு யார் எடுத்திருப்பார்கள், பூனையா? ஆள்விட்டுக் கேட்டேன். "எனக்குத் தெரியாது, அக்காவே தேடிப் பாக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினாய். தேடிப் பாக்கட்டும்! அந்த ஒரு சொல்லைப் பதினாலு வருஷமாக மென்றுகொண்டிருக்கிறேன். கடையில் புது வெயிட் கிடைக்குமே அத்தை என்று மருமகள் சொன்னாள். கிடைக்கும். வாங்கினால் நான் தோற்றதாக ஆகிவிடும். அவள் தனக்கென்று வேறு குக்கர் வாங்கிவிட்டாள், நான் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. என் சோற்றை நான் பானையில் வைத்துத் தட்டைப் போட்டு மூடித்தான் வடிக்கிறேன்.

இப்போது எங்கே இருக்கிறேன் என்று சொல்கிறேன். நான் கொஞ்ச நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்று என் மகனுக்கு ஆசை வந்துவிட்டது. நான் வீட்டில் இருந்தால் அவர்களுக்கு ஓய்வில்லை என்பதுதான் உண்மை, அது போகட்டும். நாட்டுப்புறத்தில் ஒரு ரிசார்ட், ஆள் வராத பருவமாம், ஒருவருக்குக் கட்டினால் இரண்டு பேர் தங்கலாமாம், போனிலேயே பார்த்து ஏழு நாளைக்கு எடுத்துவிட்டான். இரண்டாவது பேர் எழுதாவிட்டால் அந்தப் படிவம் நகரமாட்டேன் என்றதாம், உன் பேரை எழுதிவிட்டான். என்னைக் கேட்டானா? "சித்தி பேருதாம்மா சட்டுனு வந்துச்சு" என்கிறான். சின்ன வயதில் நீ ஊட்டிய சோறு இன்னும் செரிக்கவில்லை போலிருக்கிறது. சக்கரம் வைத்த பெட்டி ஒன்றும் வாங்கி வந்தான். நாய்க்குட்டி மாதிரிப் பின்னாலேயே ஓடிவரும் பெட்டி எனக்கெதற்கு? பரணில் கிடந்த பழுப்பு ரெக்சின் பையை இறக்கச் சொன்னேன். பங்கு பிரித்த அன்று துணிமணியைத் திணித்துக்கொண்டு வந்தேனே, அதே பை. அன்றைக்குப் பிறகு அதைத் தொட்டதில்லை, தொட்டால் ஆத்திரம் வரும்.

வந்து பார்த்தால், படத்தில் நீலமாக இருந்த நீச்சல்குளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஏரி தெரியும் அறை என்று எழுதியிருந்தது, பொய் இல்லை, குளியலறை ஸ்டூல்மேல் ஏறி நின்றால் தெரிகிறது. படத்தில் பாய்ந்து ஓடிய வெள்ளைக் குதிரைக்கு என் வயது இருக்கும், ஜன்னல் வழியாகத் தலையை விட்டு என் சீப்பை முகர்ந்து பார்க்கிறது. சாப்பாட்டு அட்டையில் நாற்பத்திரண்டு அயிட்டம், நான் எண்ணினேன், எதைக் கேட்டாலும் "சீசன்ல இருக்கும்மா" என்கிறார்கள், வருவது முட்டை. அந்த "என்கிறார்கள்" யார் என்று கேள். வாசலில் டை கட்டிய ஒருவர் சாவி தந்தார், அடுக்களையில் ஏப்ரன் கட்டிய ஒருவர் முட்டை தந்தார், வெளியே ரப்பர் பூட்ஸ் போட்ட ஒருவர் செடிக்குத் தண்ணீர் விட்டார். மூன்று பேருக்கும் இடது காதுக்குக் கீழே ஒரே மச்சம். என்னிடமா? நீங்கள் மூன்று பேரா ஒருத்தரா என்று நேராகவே கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "சீசன்ல பன்னெண்டு பேர் இருப்போம்மா. இப்ப எல்லாம் நான்தான்" என்றார். மேனேஜர் என்று கூப்பிடுகிறேன், பூட்ஸ் போட்டிருந்தாலும்.

அந்த மேனேஜருக்கு ஒரே கவலை, நீ எப்போது வருவாய் என்பது. எல்லாம் இரண்டு இரண்டாக வைக்கிறார். இரண்டு கப், இரண்டு ஜோடிச் செருப்பு, இரண்டு முட்டை. அவள் வரமாட்டாள் என்றால், "அடுத்த பஸ்லயாம்மா?" என்று வாசலைப் பார்க்கிறார். உன் கட்டிலில் தினமும் ஒரு துவாலையை உருவமாக மடித்து வைக்கிறார். முதல் நாள் வாத்து, நேற்று முயல், இன்று யானை. அந்த வாத்தை நீயென்று வைத்துக்கொண்டு பதினாலு வருஷமாகக் கேட்க நினைத்ததை எல்லாம் கேட்டேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை, உன்னைவிடப் பண்பு. ஆனால் பத்து நிமிஷத்தில் அலுத்துவிட்டது. எதிராளி வாயை மூடிக்கொண்டிருந்தால் சண்டையில் என்ன சுவை இருக்கிறது?

மாலை நான்கு மணிக்கு ரிலாக்ஸ் வகுப்பு என்று பலகையில் போட்டிருந்தது. போனேன். மேனேஜர்தான், இந்த முறை வெள்ளை ஜிப்பா. "கண்ணை மூடுங்கம்மா, மனசுல வர்றதையெல்லாம் ஒண்ணொண்ணா விட்டுடுங்க" என்றார். மூடினேன். முதலில் நீ வந்தாய், கையில் வெயிட்டோடு. உனக்குப் பின்னால், என் ஜாக்கெட்டைக் குட்டையாக வெட்டிய தையல்காரர், என் பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்த வாத்தியார், வாசற்படியில் என்னை நிற்க வைத்தே பேசி அனுப்பிய நாத்தனார், எல்லாரும் தேதிவாரியாக வரிசையில் வந்து நின்றார்கள். ஒருத்தரையும் நான் விடவில்லை. விட்டால் திரும்ப யார் பிடித்துத் தருவது? அரை மணி கழித்து இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். சுறுசுறுப்பாக இருக்கிறது என்றேன். பாவம், அந்த மனுஷர் உட்கார்ந்துவிட்டார்.

இதெல்லாம் உனக்கு எதற்கு என்றால், பஸ் ஏற்றிவிடும்போது என் மகன் ஒரு சேதி சொன்னான். நீ வீட்டைக் காலி செய்துவிட்டு, அடுத்த மாதம் கடல் தாண்டி மகளோடு ஒரேயடியாகப் போகிறாயாம். காதில் விழாத மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். மூன்று நாளாக யோசித்துப் பார்த்துச் சொல்கிறேன், போகிறவள் போ, ஆனால் அதற்கு முன்னால் என் வெயிட் என் கைக்கு வந்தாக வேண்டும். அங்கே போய் அதை வைத்து நீ என்ன செய்யப் போகிறாய்? என் மகனிடம் கொடுத்தால் போதும், நீ வர வேண்டாம். இங்கே வந்தாலும் ஒன்றும் இல்லை, முட்டையும் குதிரையும்தான். உன் கட்டில்தான் ஜன்னலோரம் இருக்கிறது, காலையில் வெயில் இதமாக அதன்மேல்தான் விழுகிறது, ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். இந்தக் கடிதத்தைக் காலை பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன், உன் தெருமுனையில்தான் அந்த வண்டி நிற்கிறது.

உன் பிள்ளைகுட்டிகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். உன் முழங்கால் படியேறட்டும். உன் மனச்சாட்சி மட்டும் தூங்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத பெரியவள்

பி.கு.: கடிதத்தை மடித்து உறையில் போட்டேன். ஒட்டப் பசை இல்லை, ஊசி குத்தலாம் என்று ரெக்சின் பையின் உள் ஜிப்பைத் திறந்தேன். ஒரு கைக்குட்டை முடிச்சு இருந்தது. அவிழ்த்தேன். வெயிட்.

உன் கட்டிலில் அந்த யானைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அதே செவ்வாய்க்கிழமை, ஒன்பதரை மணி, மாமனார் இன்னும் நாற்காலி போடவில்லை. குக்கர் உன் பங்குக்குப் போய்விட்டால் நீ விசில் கேட்கக் கூடாது என்று நான்தான் கழற்றி முடிந்து வைத்தேன். அப்புறம் அது எனக்கே வந்த சந்தோஷத்தில், முடிந்து வைத்ததே மறந்துவிட்டது.

கடிதத்தைக் கிழித்திருப்பேன், ஐந்து பக்கம் எழுதிய கை வலிக்கிறது. ஆகவே அடுப்படியில் கடைசியாக நின்றவள் என்று வருகிற இடத்தில் என்னை நினைத்துக்கொண்டு படி. ஊதாப்பூச் சேலை மட்டும் உன்னுடையதுதான், அது உனக்கு எடுப்பாக இருந்தது.

ஏழு நாளில் மூன்றுதான் முடிந்திருக்கிறது. கடிதம் கொண்டுவரும் டிரைவர் மறுநாள் காலையே உன் தெருவிலிருந்து இங்கே திரும்புகிறார், அந்த பஸ்ஸிலேயே ஏறு. வழியில் என் வீட்டில் குக்கரை வாங்கிக்கொள், மூடியையும் ரப்பரையும் பார்த்து வாங்கு. அடுக்களையில் ஓர் அடுப்பு தருகிறேன் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். நீ வருகிறாய் என்று சொன்னதும் மனுஷர் இப்போதே டை கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

இதனால் எல்லாம் தீர்ந்துபோயிற்று என்று நினைத்துவிடாதே. நீ வாங்கிப் போய்த் திருப்பித் தராத கறுப்புக் குடை விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அதை நேரில் பேசிக்கொள்ளலாம். பரணில் நான் திறக்காத பெட்டி இன்னும் ஒன்று இருக்கிறது, அதை இப்போது ஏன் உனக்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை.